கடல் கடந்த ஆட்டக்காரர்

வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் முதலில் தோன்றுவோர் அரசர்களே. தென்காசியில் பிறந்து வளர்ந்த எனக்கும் இளமையில் அவ்வாறே தோன்றியது. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியர் எடுப்பித்த காசி விசுவநாதர் ஆலயம் ஊரின் நடுவே நிற்கும்போது அரசர்களை மறப்பது எங்ஙனம்? ஆயினும், முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் வரலாறு கற்பித்த பின்னர் என் எண்ணம் சற்று மாறியிருக்கிறது. கோயில் எடுப்பித்த மன்னருக்குக் கல்வெட்டு இருக்கிறது. கல் சுமந்தவனுக்கு இல்லை. பிழைப்பைத் தேடிக் கப்பலேறிப் போனவனுக்கோ, அவன் பிறந்த ஊரிலேயே நினைவும் இல்லை. அப்படிக் கப்பலேறிப் போன ஒரு குடும்பத்தின் வழித்தோன்றலைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகிறேன். அவர் அரசரல்லர், அரசியல் தலைவருமல்லர். கால்பந்தாட்டக்காரர்.

வரலாற்று ஆசிரியருக்குக் கால்பந்தில் என்ன வேலை என்று உங்களில் சிலர் புன்னகை புரியக்கூடும். ஒரு மாணவர் என்னிடம் கேட்ட வினாதான் காரணம். அதற்கு நான் சொன்ன விடை தவறானது. அத்தவற்றைத் திருத்திக்கொள்வதே இப்பேச்சின் நோக்கம்.

2006ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13ஆம் நாள் இரவு. குற்றாலத்தில் சாரல் காலம் தொடங்கியிருந்தது. என்னிடம் பயின்ற சில மாணவர்களுடன் ஐந்தருவியில் நீராடிவிட்டு, ஈரத்தலை உலராமலே ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கியிருந்தோம். கடைக்காரர் தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தார். ஜெர்மனியில் உலகக் கோப்பைப் போட்டிகள் நடந்துகொண்டிருந்த நாள்கள் அவை. மலைக்கு அப்பாலுள்ள கேரளத்தில் கால்பந்துக்கு இருக்கும் மதிப்பை நீங்கள் அறிவீர்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாக அந்த ஆர்வத்தில் ஒரு பங்கு எங்கள் பக்கமும் வந்துவிடுவதுண்டு. அன்று ஸ்டுட்கார்ட் நகரில் பிரான்சும் சுவிட்சர்லாந்தும் மோதின. ஒருவரும் கோல் போடவில்லை. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்த வேளையில், களத்தின் ஓரத்தில் மெலிந்த உடலும் மாநிறமும் கொண்ட ஒருவர் உள்ளே நுழையக் காத்து நின்றார். வருணனையாளர் அவருடைய பெயரைச் சொன்னார்: விகாஷ் தொராசு.

மாணவர் ஒருவர் என் பக்கம் திரும்பினார். “சார், விகாஷ்னா நம்ம ஊர்ப் பேரு மாதிரில்லா இருக்கு? இவரு நம்மாளா?” என்று கேட்டார்.

“ஆமாம், நம்மவர்தான்” என்றேன் நான். கடையில் இருந்தோர் எல்லோரும் மகிழ்ந்தனர். கடைக்காரர் அந்தச் சுற்றுத் தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். நானும் பெருமையோடு வீடு திரும்பினேன். இரவு வெகுநேரம் உறக்கம் வரவில்லை. “நம்மவர்” என்று எந்த உரிமையில் சொன்னேன் என்ற வினா என்னை விடவில்லை.

அந்த வினாவுக்கு விடை காண, நாம் முதலில் ஒரு தீவுக்குச் செல்ல வேண்டும். இந்துமாக்கடலின் தென்மேற்கே இருக்கும் மொரீஷியஸ் என்னும் தீவே அது. முந்திய தலைமுறையினர் அதனை மோரீசுத் தீவு என்று அழைத்தனர். 18ஆம் நூற்றாண்டில் அது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1810இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். ஆட்சி மாறிய போதிலும் நிலமும் ஆலையும் பெரும்பாலும் பிரெஞ்சு முதலாளிகளிடமே நிலைத்தன. மக்களின் பேச்சிலும் பிரெஞ்சின் செல்வாக்கு அழியவில்லை. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதைக்கு இது பின்னர் வேண்டியிருக்கும்.

அத்தீவின் செல்வம் கரும்பு. கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்கள் அடிமைகள். ஆங்கிலப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறியது. 1835இல் மொரீஷியஸில் அது நடைமுறைக்கு வந்தது. அடிமைகளுக்குப் பதிலாக ஆள் வேண்டும் என்று முதலாளிகள் கருதினர். அவர்களுடைய பார்வை இந்தியாவின் மீது விழுந்தது. 1834ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் ‘அட்லஸ்’ என்னும் கப்பலில் 36 இந்தியத் தொழிலாளர்கள் அங்கே வந்திறங்கினர். அன்று தொடங்கிய ஓட்டம் ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு மேல் நிற்கவில்லை. சற்றேறக்குறைய ஐந்து இலட்சம் பேர் அத்தீவின் துறையில் வந்திறங்கினர் என்பர். பலர் அங்கேயே தங்கினர். சிலர் வேறு தீவுகளுக்கும் நாடுகளுக்கும் அனுப்பப்பட்டனர்.

இவர்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் என்று பெயர். இத்தனை ஆண்டு உழைப்பேன், இவ்வளவு கூலி பெறுவேன் என்று ஒரு தாளில் கைநாட்டு வைப்பார்கள். தாளில் என்ன எழுதியிருந்தது என்பதைப் படித்தறிந்தவர் அவர்களுள் மிகச் சிலரே. வேலைக்கு வராத நாளுக்குக் கூலி பிடித்தம். தோட்டத்தை விட்டு வெளியேறினால் தண்டனை. அடிமை முறை போயிற்று. ஆனால் அதன் நிழல் போகவில்லை. கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. சென்னை மாகாணத்திலிருந்து சென்றவர்களுள் தமிழரும் இருந்தனர், தெலுங்கரும் இருந்தனர். அக்காலத்தில் திருநெல்வேலியும் ஆந்திரக் கடற்கரையும் ஒரே மாகாணம் என்பதை நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பஞ்சம் வந்தபோதும் கடன் முற்றியபோதும் இரு பகுதி மக்களும் ஒரே வகையாகத்தான் ஊரை விட்டுச் சென்றனர்.

இந்தக் கொடுமையைப் பற்றி நம் பகுதியோடு தொடர்புடைய பெருங்கவிஞர் ஒருவர் அன்றே பாடியிருக்கிறார். ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வாடிய இந்தியப் பெண்களை நினைந்து பாரதியார் பாடிய பாட்டை நீங்கள் பள்ளியில் கற்றிருக்கலாம். தென்காசிக்கு அருகிலுள்ள கடையம் அவருடைய மனைவி செல்லம்மாளின் ஊர். 1918 முதல் 1920 வரை பாரதியார் அங்கே வாழ்ந்தார். ஒப்பந்தக் கூலிக்கு ஆள் எடுக்கும் முறையை இந்திய அரசு 1917இல் நிறுத்தியது. 1920க்குள் அம்முறை முற்றும் முடிவுக்கு வந்தது.

மொரீஷியஸில் இன்று இந்திய வழியினரே பெரும்பான்மையோர். அந்நாட்டுப் பணத்தாளில் தமிழ் எழுத்தைக் காணலாம். தைப்பூசக் காவடிக்கும் தெலுங்கரின் உகாதிக்கும் அங்கே அரசு விடுமுறை உண்டு. ஆந்திரப் பகுதியிலிருந்து அத்தீவுக்குச் சென்ற தெலுங்குக் குடும்பங்களுள் ஒன்றின் வழியில் வந்தவரே நம் விகாஷ் தொராசு. மொரீஷியஸ் மக்களுக்குப் பிரெஞ்சு அந்நிய மொழியன்று என்று முன்னர்க் கூறினேன். அதனால் பிற்காலத்தில் வேலை தேடிப் பிரான்சுக்குச் செல்வது அவர்களுள் பலருக்கு இயல்பாயிற்று. தொராசுவின் குடும்பமும் அவ்வாறே மீண்டும் ஒரு கடலைக் கடந்தது. 1973ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், பிரான்சின் வட கடற்கரையில் லெ ஆவ்ர் துறைமுகத்தை ஒட்டிய ஆர்ஃப்லர் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். விகாசம் என்றால் மலர்ச்சி. இரண்டு கடல்களைத் தாண்டியும் அந்தப் பெயர் மட்டும் உடன் வந்திருக்கிறது.

அவருக்கு முன்னர் ஐரோப்பாவுக்கு ஆடச் சென்ற இந்தியர் எவரேனும் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தைச் சேர்ந்த முகமது சலீம் 1936இல் ஸ்காட்லாந்துக்குச் சென்று, கிளாஸ்கோ நகரின் புகழ்பெற்ற செல்டிக் கழகத்துக்காக இரண்டு ஆட்டங்கள் ஆடினார். பூட்ஸ் அணியாமல், காலில் துணிக்கட்டு மட்டும் சுற்றி ஆடினார். செய்தித்தாள்கள் அவரை ஒரு செப்பிடு வித்தைக்காரரைப் போல் வருணித்தன. பாராட்டுத்தான், எனினும் அதனுள் ஒரு வேடிக்கைப் பார்வையும் இருந்தது. ஊர் நினைவு வாட்டவே, சலீம் தாயகம் திரும்பிவிட்டார். அவர் சென்றது விருந்தினராக. தொராசுவோ அந்நாட்டிலேயே பிறந்து, அங்கேயே ஆட்டம் பயின்று, அதையே தொழிலாகக் கொண்டவர். அவரை வேடிக்கை பார்க்க எவரும் வரவில்லை. அவர் நன்றாக ஆடினாரா என்பதையே பார்த்தனர்.

லெ ஆவ்ர் கழகம் 1872இல் தோன்றியதாகக் கூறிக்கொள்வது. பிரான்சின் மிகப் பழைய கழகம் என்ற பெயர் பெற்றது. துறைமுகத்துக்கு வந்த ஆங்கிலேயர்கள் கொண்டுவந்த ஆட்டம் அது. அந்தக் கழகத்திலேயே பயின்று, 1993இல் முதல் அணியில் இடம்பெற்றார் தொராசு. அவர் ஆடிய இடம் நடுக்களம்.

நடுக்களம் என்பது யாது? கால்பந்தில் கோல் போடுபவருக்கே கைதட்டல் மிகுதி. கோலைக் காப்பவரும் பேர் பெறுவார். இவ்விரு சாராருக்கும் இடையில் நின்று, பின்னாலிருந்து வரும் பந்தை வாங்கி, முன்னால் உள்ளவருக்குத் தக்க நேரத்தில் தருபவரே நடுக்கள ஆட்டக்காரர். எங்கள் ஊர் மாணவர்களுக்கு இதனை விளக்க நான் சிற்றாற்றுப் பாசனத்தைச் சொல்வதுண்டு. குற்றால மலையில் பிறக்கும் நீர் அணைக்கட்டுகளில் தேங்கி, வாய்க்கால் வழியே ஓடிக் குளங்களை நிரப்புகிறது. மண்வெட்டியோடு மடையருகே நின்று, இந்த வயலுக்கு இவ்வளவு, அந்த வயலுக்கு அவ்வளவு என்று நீரைத் திருப்பிவிடும் ஆள் ஒருவர் இருப்பார். நெல் விளைந்தால் வயல்காரரைப் பாராட்டுவோம். மடை திருப்பியவரைப் பற்றி நினைக்க மாட்டோம். அவர் ஒருநாள் வராவிட்டால்தான் அவருடைய அருமை தெரியும். தொராசு கால்பந்துக் களத்தில் மடை திருப்பியவர். உடல் வலிமையால் மோதாமல், பந்தைச் சுருக்கமாகத் தொட்டு, அமைதியாகக் கைமாற்றும் ஆட்டம் அவருடையது.

1998இல் அவர் லியோன் கழகத்துக்குச் சென்றார். இடையில் ஒரு பருவம் போர்தோ கழகத்தில் ஆடிவிட்டுத் திரும்பினார். 2003இலும் 2004இலும் லியோன் பிரான்சின் முதல் பிரிவுப் பட்டத்தை வென்றபோது அவர் அந்த அணியில் இருந்தார். 1999இலேயே தேசிய அணிக்கு அழைக்கப்பட்டார். ஆயினும் அந்த வாயில் விரைவில் மூடிக்கொண்டது. மீண்டும் திறக்க ஐந்து ஆண்டுகள் ஆயின. 2004இல் ரேமோன் டொமெனெக் பயிற்றுநரான பின்னரே அவருக்கு நிலையான அழைப்பு வந்தது. பிரான்சுக்காக மொத்தம் 18 ஆட்டங்கள் ஆடினார். ஒரு கோல் போட்டார். அது 2005 அக்டோபர் 12ஆம் நாள் சைப்ரஸ் அணிக்கு எதிராகப் போடப்பட்டது. அந்த ஆட்டத்தின் வெற்றியால்தான் பிரான்சு உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

2004இல் இத்தாலியின் மிலான் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. பிறந்த நாட்டை விட்டு வெளிநாட்டில் ஆடும் தொழில் வாழ்க்கை அப்போது தொடங்கிற்று. மிலானில் அந்நாளில் உலகின் தலைசிறந்த நடுக்கள வீரர்கள் குழுமியிருந்தனர். பிர்லோ, செடார்ப், காக்கா, ரூயி கோஸ்டா ஆகியோர் இருந்த இடத்தில் புதியவருக்கு வாய்ப்புக் கிடைப்பது எளிதன்று. 2005 மே 25ஆம் நாள் இஸ்தான்புல் நகரில் ஐரோப்பியக் கழகங்களின் இறுதிப் போட்டி நடந்தது. பாதி ஆட்டத்தில் மூன்று கோல் முன்னிலை பெற்றிருந்த மிலான், லிவர்பூல் அணி மூன்றையும் ஈடுகட்டிவிட, முடிவில் பெனால்டி உதைகளில் தோற்றது. கால்பந்து வரலாற்றில் மறக்கவொண்ணாத ஆட்டம் அது. தொராசு அன்று சீருடை அணிந்து மாற்றாட்டக்காரர் இருக்கையில் அமர்ந்திருந்தார். அவரை அழைக்கவில்லை.

ஓராண்டு கழித்து, 2006 ஜூலை 9ஆம் நாள், பெர்லின் நகரில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. பிரான்சும் இத்தாலியும் ஆளுக்கொரு கோல் போட்டுச் சமநிலையில் நின்றன. மீண்டும் பெனால்டி உதைகள், மீண்டும் தோல்வி. தொராசு மீண்டும் இருக்கையில்தான் இருந்தார். அந்த உலகக் கோப்பையில் சுவிட்சர்லாந்துக்கும் தென் கொரியாவுக்கும் எதிரான இரு ஆட்டங்களில், முடியும் தறுவாயில் சில நிமிடங்கள் மட்டுமே அவருக்குக் கிடைத்தன. நாங்கள் தேநீர்க் கடையில் கண்டது அவற்றுள் ஒன்றையே. ஓராண்டு இடைவெளியில், உலகமே பார்த்திருந்த இரு இறுதிப் போட்டிகளின் வாயிலில் அமர்ந்திருந்து, இரண்டிலும் கால் வைக்காமல் திரும்பிய ஆட்டக்காரர் அவர்.

அந்த இருக்கையில் அமர்ந்திருப்பவரின் மனநிலை எப்படி இருக்கும்? அதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. அவரே பதிவு செய்து வைத்திருக்கிறார். அவருடைய நண்பரான ஃபிரெட் பூலே என்னும் கலைஞர் ஒரு சிறிய படக்கருவியை அவரிடம் கொடுத்திருந்தார். உலகக் கோப்பை நாள்களில் விடுதி அறையையும், சன்னலுக்கு வெளியே தெரிந்த காட்சியையும், தம் தனிமையையும் தொராசு தாமே படம் பிடித்தார். அது 2007இல் ‘மாற்றாட்டக்காரர்’ என்று பொருள்படும் பெயரில் திரைப்படமாக வெளிவந்தது. வென்றவர்களின் படங்கள் ஆயிரம் உண்டு. காத்திருந்தவர் தம் காத்திருப்பைத் தாமே எடுத்துக் காட்டியது அரிது.

மிலானில் ஒரு பருவம் இருந்தபின், 2005இல் பாரிஸ் நகரின் பெருங்கழகமான பாரிஸ் சாஞ் ஜெர்மேனுக்கு அவர் வந்திருந்தார். 2006 ஏப்ரல் 29ஆம் நாள் பிரெஞ்சுக் கோப்பை இறுதிப் போட்டியில் மார்சேய் அணிக்கு எதிராகத் தொலைவிலிருந்து அவர் அடித்த பந்து கோலாயிற்று. கழகம் 2–1 என்று வென்றது. அதன்பின் ஆறு மாதங்கள் முழுதாகக் கழியவில்லை. அக்டோபரில் அக்கழகம் அவரைப் பணியிலிருந்து நீக்கியது. பயிற்றுநரைக் குறைகூறிச் செய்தித்தாளுக்குப் பேட்டியளித்தார் என்பது அதற்கு ஒரு காரணம். 1973இல் தொழில்முறைக் கால்பந்துக்குச் சாசனம் வகுக்கப்பட்ட பின், பிரான்சில் அவ்வாறு நீக்கப்பட்ட முதல் ஆட்டக்காரர் அவரே என்று அப்போது எழுதினர்.

சாசனம் என்றேன், அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதற்கு முந்தைய காலத்தில் பிரெஞ்சு ஆட்டக்காரர் ஒருவர் ஒரு கழகத்தில் ஒப்பமிட்டால், 35 வயது வரை அக்கழகத்துக்கே கட்டுப்பட்டவர். கழகம் விரும்பினால் அவரை விற்கலாம். அவர் விரும்பினாலும் வெளியேற இயலாது. போலந்திலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, 1958இல் ஐரோப்பாவின் சிறந்த வீரர் என்ற விருதைப் பெற்ற ரேமோன் கோப்பா, 1963இல் ஆட்டக்காரர்களின் நிலையை அடிமைகளின் நிலையோடு ஒப்பிட்டுப் பேசினார். அதற்காகத் தண்டனையும் பெற்றார். அவர் பேசிய பேச்சு வீண் போகவில்லை. 1969இல் காலவரையறையுள்ள ஒப்பந்தம் வந்தது. 1973இல் சாசனம் வந்தது.

மாணவ நண்பர்களே, கரும்புத் தோட்டக் கூலியின் துயரத்தையும் பெருஞ்சம்பளம் வாங்கும் ஆட்டக்காரரின் வருத்தத்தையும் நான் ஒன்றாக வைத்துப் பேசுவதாக எண்ண வேண்டா. இரண்டும் ஒன்றல்ல, ஒன்றெனக் கூறினால் கூலிகளின் கண்ணீருக்கு நாம் செய்யும் அவமதிப்பு ஆகும். ஆனால் ஓர் எண்ணம் தோன்றாமல் இல்லை. மூதாதை கைநாட்டு வைத்த தாளில் என்ன எழுதியிருந்தது என்பதை அவரால் படிக்க முடியவில்லை. வழித்தோன்றலோ தம் தாளைப் படித்தார். கருத்தை வாய்திறந்து சொன்னார். அதற்குரிய விலையையும் கொடுத்தார். பேசியது சரியா, தவறா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். பேசக்கூடிய நிலைக்கு ஒரு குடும்பம் வந்து சேர எத்தனை தலைமுறைகள் ஆகின்றன என்பதைத்தான் வரலாற்று மாணவன் நோக்க வேண்டும்.

பின்னர் அவர் இத்தாலியின் லிவோர்னோ கழகத்தில் சேர்ந்தார், அங்கே நிலைக்கவில்லை. 2008இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதன்பின் கால்பந்து எல்லோருக்கும் மகிழ்ச்சி தருவதாக இருக்க வேண்டும் என்ற நோக்குடன் நண்பர்களோடு ‘தத்தான்’ என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். 2020இல் பாரிஸ் நகராட்சித் தேர்தலிலும் போட்டியிட்டார். களத்தில் அமைதியாகப் பந்தைக் கைமாற்றியவர், களத்துக்கு வெளியே வாய்மூடி இருக்கவில்லை.

இனி நம் பழைய வினாவுக்கு வருவோம். 2006இல் இந்தியச் செய்தித்தாள்கள் பலவும், உலகக் கோப்பையில் ஆடிய இந்திய வழியினர் என்று அவரைக் கொண்டாடின. அதற்குக் காரணமும் உண்டு. 1950இல் உலகக் கோப்பையில் ஆடும் வாய்ப்பு இந்தியாவுக்குக் கிடைத்தும் நம் அணி செல்லவில்லை. அதற்குப் பின் நம் நாடு அந்தக் களத்தை எட்டியதே இல்லை. ஆகவே யாரேனும் ஒருவரை நம்மவர் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை நமக்கு இருந்தது. குற்றாலத் தேநீர்க் கடையில் நான் சொன்னதும் அந்த ஆசையால்தான்.

அன்றிரவு என் உறக்கத்தைக் கெடுத்த நினைவை இப்போது சொல்லிவிடுகிறேன். 1974ஆம் ஆண்டு. நான் உயர்நிலைப் பள்ளி மாணவன். வகுப்புக்குப் புதிதாக ஒருவன் வந்து சேர்ந்தான். இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். அவனுடைய பாட்டனார் எங்கள் பக்கத்திலிருந்து தோட்டத்துக்குப் போனவர். 1948இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் அந்நாட்டில் மலையகத் தமிழருக்கு இடமில்லாமற் போயிற்று. 1964 அக்டோபரில் ஏற்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என வகுத்தது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களுள் அவன் குடும்பமும் ஒன்று. தாத்தாவின் ஊர் என்று நம்பி வந்த ஊரில் அவர்களை அறிந்தவர் எவருமில்லை.

எங்கள் பள்ளியில் அவனுக்கு ‘சிலோன்காரன்’ என்பதே பெயர். அவனைப் போல் நடுவில் நின்று பந்தை வாங்கிக் கொடுப்பவர் எங்களுள் வேறு எவருமில்லை. வெறுங்காலால் ஆடுவான், சத்தமே இருக்காது, பந்து மட்டும் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும். அருகிலுள்ள ஊரில் பள்ளிகளுக்கிடையே ஒரு போட்டி வந்தது. அணியின் தலைவன் நான். பெயர்ப் பட்டியலை எழுதியவனும் நானே. “நம்ம பையன்கள் இருக்கும்போது சிலோன்காரன் எதற்கு?” என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. அவனையும் உடன் அழைத்துச் சென்றோம். எங்கள் சட்டைகளையும் செருப்புகளையும் காத்துக்கொண்டு ஆட்டம் முழுதும் வேப்பமரத்தடியில் அவன் அமர்ந்திருந்தான். நாங்கள் தோற்றோம். திரும்பும்போது அவன் ஒன்றும் கேட்கவில்லை. சட்டைகளை மடித்து ஒவ்வொருவரிடமும் கொடுத்தான். மறு ஆண்டு அவன் குடும்பம் வேலை தேடி வேறு ஊருக்குப் போய்விட்டது. அதன்பின் அவனை நான் பார்த்ததில்லை.

தேநீர்க் கடையில், பல்லாயிரம் கல் தொலைவில் இருந்த ஒருவரை, பெயரின் ஓசையை மட்டும் கேட்டு, நம்மவர் என்று ஒரு நொடியில் சொல்லிவிட்டேன். நம் ஊருக்கே திரும்பி வந்து, நம் மொழியிலேயே பேசி, நம் பக்கத்து இருக்கையில் அமர்ந்து படித்தவனை நம்மவன் என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை. இரண்டுக்கும் வேறுபாடு என்ன? ஒருவர் வென்றவர், மற்றவன் இழந்து வந்தவன். வேறொன்றும் இல்லை.

எனவே அந்த மாணவருக்குச் சொல்ல வேண்டிய விடையை இப்போது சொல்கிறேன். தொராசு பிரெஞ்சுக்காரர். அவர் பெற்ற புகழ் அவருடைய உழைப்புக்கும், அவரைப் பயிற்றுவித்த ஊருக்கும் உரியது. அந்தப் புகழில் பங்கு கேட்க நமக்கு உரிமை குறைவு. ஆனால் அவருடைய மூதாதையர் கப்பலேறிய துயரத்தில் நமக்குப் பங்கு உண்டு. அந்த வரலாறு நம்முடையது. அதனை நாம் கற்காமல், அதன் கடைசிப் பக்கத்தில் உள்ள வெற்றியை மட்டும் கிழித்தெடுத்துச் சட்டையில் குத்திக்கொள்வது முறையன்று.

ஒரு செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய மொரீஷியஸ் துறையின் கற்படிகளும் கட்டடச் சுவர்களும் போர்ட் லூயி நகரில் இன்றும் இருக்கின்றன. ‘ஆப்ரவாசி காட்’ என்பது அவ்விடத்தின் பெயர். அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது 2006ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில். அதே மாதத்தில்தான் பெர்லின் நகரில் விகாஷ் தொராசு மாற்றாட்டக்காரர் இருக்கையில் அமர்ந்திருந்தார். இறுதிப் போட்டியைப் பற்றி எங்கள் ஊர் வாரக்கணக்கில் பேசிற்று. அந்தக் கற்படிகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வரலாறு கற்பித்த நானும் பேசவில்லை.

உங்கள் வகுப்பில், உங்கள் விடுதியில், வேறு ஊரிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ வந்து சேர்ந்த ஒருவர் இருக்கக்கூடும். அவர் வென்று காட்டும்வரை காத்திராதீர்கள். மாலையில் ஆட்டம் தொடங்குமுன் பெயர்ப் பட்டியல் எழுதும்போது அவர் பெயரையும் எழுதுங்கள்.